சிவப்பு நூல் கட்டிய தட்டு

எங்கள் ஆலயத்தில் ஞாயிறு காலை ஏழரைக்குத் தமிழ் ஆராதனை. ஒன்பதரைக்குச் சிங்கள ஆராதனை. ஹற்றன் நகரத்துக்கு மேலே, தேயிலை மலை தொடங்கும் இடத்தில், வெள்ளைக்காரத் துரைமார் தங்களுக்கென்று எழுப்பிய கற்கட்டடம் அது. அவர்கள் கப்பலேறிய பின் இரு சபைகளுக்கும் பொதுவாயிற்று. பலிபீடம் ஒன்று, மணி ஒன்று, மழை ஒழுகும் கூரையும் ஒன்று. ஆனாலும் நான் அறிந்த காலம் முழுவதும் இரு சபையாரும் சந்தித்துக்கொண்டது வாசற்படியில் மட்டுமே. நாங்கள் இறங்குவோம், அவர்கள் ஏறுவார்கள். குடைகள் உரசாமல் ஒதுங்கி வழிவிடுவோம். "குட் மோர்னிங்" என்போம். மழையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவோம். அத்துடன் அந்த வாரத்து உறவு முடிந்துவிடும்.

அந்த வழக்கத்தை மாற்ற முன்னின்றவன் நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இருந்ததில்லை. என் தந்தையார் தோட்டத்தில் கண்டாக்கு. கொழுந்து மலைகளை மேற்பார்வை செய்யும் உத்தியோகத்தர். நான் கல்லூரியில் பயின்று, மூன்று பாடசாலைகளில் அதிபராக இருந்து, இருபத்திரண்டு ஆண்டுகள் சபையின் செயலாளராகவும் கடமையாற்றியவன். கல்லூரி விடுதியில் என்னைத் 'தோட்டக்காட்டான்' என்று அழைத்தவர்கள் தமிழர்களே. பின்னர் அரசாங்கக் கந்தோர் ஒன்றில், இந்தியாவிலிருந்து களவாக வந்தவன் என்ற பொருளில், 'கள்ளத்தோணி' என்ற சொல்லையும் அலுவலர் வாயிலிருந்து கேட்டேன். இவ்விரண்டையும் நல்லிணக்கக் கூட்டங்களில் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். கேட்பவர்கள் தலை குனிவார்கள். இனவெறி என்பது பிறர் எனக்குச் செய்த ஒன்று என்பதில் எனக்கு அணுவளவும் ஐயம் இருந்ததில்லை.

டீசலும் எரிவாயுவும் கிடைக்காமல் நாடு தவித்த ஆண்டில், இரு சபையாரும் வெற்றுச் சிலிண்டர்களுடன் ஒரே வரிசையில் நாட்கணக்கில் நின்றார்கள். அந்த வரிசையில் நின்றபடிதான் என் நண்பரிடம் சொன்னேன்: "இங்கே ஒன்றாக நிற்கிறோம், ஆண்டவருடைய பந்தியில் ஏன் நிற்கக்கூடாது?"

அவர் றொசல்ல புகையிரத நிலையத்தில் அதிபராக இருந்து ஓய்வு பெற்ற சிங்களவர். அவர்களுடைய சபையின் மூப்பர். எங்கள் நட்பு அந்த வரிசையில் தொடங்கியதன்று. இனக்கலவர நாட்களில் என்னையும் என் மனைவியையும் நிலையத்தின் பொருளறையில் வைத்துப் பூட்டிவிட்டு, வெளியே கதவுக்கு நேராக நாற்காலி போட்டு இரண்டு நாள் அமர்ந்திருந்தவர் அவர். தடியோடு வந்தவர்களிடம், உள்ளே இருப்பது தேயிலைப் பெட்டிகள் என்றார். உயிரோடு இருப்பதற்கு நான் கடன்பட்ட மனிதர்.

கூட்டு ஆராதனைக்கு நாள் குறித்தோம். தமிழிலும் சிங்களத்திலும் ஆராதனை ஒழுங்கை நானே எழுதினேன். 'சமாதானம் பண்ணுகிறவர்கள்' என்ற பொருளில் நானே பேசுவதென்றும், உரையின் ஒவ்வொரு பந்தியையும் முதலில் தமிழிலும் உடனே சிங்களத்திலும் நானே சொல்வதென்றும் ஏற்பாடு. இரு மொழிகளிலும் பிழையின்றிப் பேசக்கூடியவர்கள் எங்கள் மலையில் அதிகம் பேர் இல்லை.

அதற்கு முந்திய சனிக்கிழமை பிற்பகல், பாத்திரங்களை ஒழுங்குபடுத்துவதைப் பார்க்க நானும் நண்பரும் ஆலயத்துக்குப் போனோம். பலிபீடத்துக்குப் பின்னாலுள்ள சிறிய அறையில், எங்கள் ஆலயத்தின் பாத்திரங்களைப் பராமரிக்கும் அம்மா கண்ணாடிக் கிண்ணங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான கீழ்ப் பிரிவு லயத்தில் இருப்பவர், கணவரை இழந்தவர், கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். முப்பது ஆண்டுகளாகத் திருவிருந்துக் கிண்ணங்கள் அவர் கையால்தான் கழுவப்படுகின்றன. எங்கள் சபையில் எல்லாரும் ஒரே கிண்ணத்தில் பருகுவதில்லை. விரல் உயரச் சிறு கிண்ணங்களில் திராட்சை ரசம் ஊற்றி, வட்டத் தட்டுகளில் அடுக்கி, ஆளுக்கொன்றாகக் கொடுப்போம். அப்படி நான்கு தட்டுகள் மேசையில் இருந்தன. ஒன்றின் கைப்பிடியில் மட்டும் சிவப்பு நூல் சுற்றி முடிச்சிட்டிருந்தது.

நண்பர் அதைத் தொட்டுப் பார்த்து, பௌத்த விகாரையில் ஓதிக் கையில் கட்டும் காப்பு நூலை நினைத்துச் சிரித்தார். "என்ன மாஸ்டர், தட்டுக்கும் பிரித் நூல் கட்டியா? பன்சலையில கட்டுறது வெள்ளைதானே. உங்க கோயில்ல மட்டும் செவப்பா?"

"அது பிரித் நூல் இல்லீங்க மாத்தயா," என்றார் அந்த அம்மா, துடைப்பதை நிறுத்தாமல். "அது மேல் பெஞ்சுத் தட்டு."

"மேல் பெஞ்சா?"

"முன்னால ஒக்காருவாங்கள்ல, வாத்தியாருங்க, கிளாக்கருங்க, டவுன் ஆளுங்க. அவங்களுக்கு இது. மத்த மூணும் லயத்து சனங்களுக்கு. மாறிடக் கூடாதுன்னுதான் நூலு."

நண்பரின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. வேடிக்கை சொல்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். என்னைப் பார்த்தார். அந்தத் தட்டிலிருந்து மாதந்தோறும் எடுத்துப் பருகியவன் நான். நூலை என் கண் பார்த்திருக்கிறது. கைப்பிடி தளர்ந்ததால் கட்டியிருக்கிறார்கள் என்று எப்போதோ நினைத்து விட்டுவிட்டேன் போலும். அதுகூட உறுதியாக நினைவில்லை.

"யார் உனக்கு இப்படிச் சொன்னது?" என்று கேட்டேன். என் குரல் பாடசாலைக் குரலாகிவிட்டது.

அவர் வியப்போடு நிமிர்ந்தார். "நீங்கதானேங்கய்யா. சட்டம் போட்டு எழுதி வச்சிருக்கீங்களே."

"நானா? அப்படியொரு தீர்மானம் இந்தச் சபையில் நிறைவேறியதே இல்லை."

"இருக்குதுங்கய்யா. அந்தப் பச்சை அட்டைப் புத்தகம். மஞ்சக்காமாலை வந்த வருசம்."

நண்பர் முன்னிலையில் என் பெயரைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் அப்போது எனக்குத் தோன்றவில்லை. அலுமாரியைத் திறந்து, பச்சை அட்டையிட்ட கூட்டறிக்கைப் புத்தகத்தை எடுத்தேன். இல்லை என்று நிரூபிக்கவே எடுத்தேன். பக்கங்களைத் திருப்பினேன். என் கையெழுத்து அழகானது. தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும்.

"கீழ்ப் பிரிவு லயங்களில் மஞ்சட்காமாலை பரவியிருப்பதால், திருவிருந்தில் முன் ஆசனங்களிலுள்ள குடும்பங்களுக்குத் தனித் தட்டு வைக்கப்படும். அடையாளமாக அதன் கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டப்படும். தோட்ட அங்கத்தவர்களுக்கு ஏனைய தட்டுகள் பயன்படுத்தப்படும். முன்மொழிந்தவர்: செயலாளர்."

'தற்காலிகமாக' என்ற சொல்லைத் தேடினேன். அந்த ஒரு சொல் இருந்திருந்தால் எனக்கு மூச்சு வந்திருக்கும். இல்லை. நான் எழுதும் தீர்மானங்களில் ஒரு சொல் தவறுதலாக விடுபடுவதில்லை. அதை நானே நன்கு அறிவேன்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அந்த ஆண்டு மஞ்சட்காமாலை முதலில் வந்தது லயத்துக்கு அல்ல. என் வீட்டுக்கு, என் மனைவிக்கு. கண் மஞ்சளாகி மூன்று வாரம் உள்ளறையில் படுத்திருந்தார். வெளியே காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டோம். தண்ணீர்த் தாங்கியில் கழிவு கலந்திருந்தது பிறகு தெரியவந்தது. அந்தத் தாங்கி, நாங்கள் இருந்த உத்தியோகத்தர் விடுதிகளுக்கும் லயங்களுக்கும் பொதுவானது.

"என்ன மாஸ்டர், இருக்கா?" என்றார் நண்பர். என் தோளுக்கு மேலாகப் புத்தகத்தைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்கத் தெரியாது. அது எனக்குத் தெரியும்.

புத்தகத்தை மூடினேன். "இல்லை," என்றேன். "இப்படி எதுவும் இல்லை."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பார்த்தேன். இல்லை."

அந்த அம்மாவின் கையிலிருந்த துணி ஓர் இடத்தில் நின்றது. அவருக்கும் எழுத்துத் தெரியாது என்றே அந்தக் கணம் வரை எண்ணியிருந்தேன். நான் புத்தகத்தை அலுமாரியின் எந்த அடுக்கில் வைக்கிறேன் என்பதை அவர் கவனித்ததைக் கண்டபோதுதான், அட்டையின் நிறத்தையும் வருடத்தையும் சொன்ன அவர் பக்கத்தையே படித்தவர் என்று எனக்கு உறைத்தது.

"அப்ப நூல் யாரு கட்டினது, அக்கே?" என்று நண்பர் அவரிடம் கேட்டார்.

"நாந்தான் கட்டினேங்க மாத்தயா," என்றார். "ஒவ்வொரு கிறிஸ்மஸ்சுக்கும் புது நூலு மாத்துவேன். டவுன்ல துணிக்கடை பாய்கிட்ட கேட்டா, கோயிலுக்குத்தானேன்னு சும்மா வெட்டிக் குடுப்பாரு."

அது உண்மைதான். ஒரு பொய்யும் அதில் இல்லை. நான் அந்த உண்மைக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அந்நேரம் எங்கள் போதகர் உள்ளே வந்தார். முப்பத்தைந்து வயது, இரு சபைகளுக்கும் அவரே போதகர், கூட்டு ஆராதனைக்காக என்னைவிட அதிகம் ஓடித் திரிந்தவர். நண்பர் நடந்ததைச் சிங்களத்தில் சொன்னார். போதகரின் முகம் வெளுத்துப்போனது.

"நாளைக்கு ரெண்டு இனமும் ஒண்ணா ஒக்காரப் போறோம். இங்க நமக்குள்ளேயே இப்படியா? யாருகிட்டயும் கேக்காம நீங்களா செஞ்சீங்களாம்மா?"

அவர் இன்னொரு கிண்ணத்தை எடுத்துத் துடைத்தார்.

"நாளைக்கு நீங்க தட்டத் தொட வேணாம். சாவிய வச்சிட்டுப் போங்க. சபைக் கூட்டத்துல பேசி முடிவெடுப்போம். ஐயா, நீங்க என்ன சொல்றீங்க?"

'ஐயா' என்றது என்னை. "போதகர் தீர்மானித்தால் சரி," என்றேன்.

அந்த அம்மா இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்து ஆணியில் மாட்டினார். துடைத்த கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்தார். துடைக்காதவை ஆறோ ஏழோ இருந்தன. அவற்றையும் துடைத்து முடித்துவிட்டே போனார். போகும்போது என்னைப் பார்க்கவில்லை. மூடுபனியில் அவருடைய குடை தேயிலைக்குள் இறங்கி மறைவதைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். முப்பது ஆண்டுகள் அவருக்குரியதாக இருந்த ஒரே பதவியை, நான் வாய் திறவாமல் பறித்திருந்தேன்.

மறுநாள் ஆலயம் நிறைந்திருந்தது. நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்துகூட வந்திருந்தார்கள். சிங்களச் சபையார் தங்கள் வழக்கப்படி முதலில் தயங்கிப் பின்னர் எங்கள் நடுவே அமர்ந்தார்கள். நண்பர் முன் வரிசையில் எனக்குப் பக்கத்தில் இருந்தார். அந்த அம்மா கடைசி ஆசனத்தில், கதவோரம், வெள்ளைச் சேலையில்.

தட்டச்சு செய்த என் உரையோடு பிரசங்க மேடையில் ஏறினேன். கூடவே பச்சைப் புத்தகத்தையும் எடுத்துப்போனேன். அதை அலுமாரியிலிருந்து எடுத்தபோது, என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே நிச்சயமில்லை. முதல் பந்தி, வாசற்படியில் குடை ஒதுக்கி நின்ற காலத்தைப் பற்றியது. தமிழில் வாசித்தேன். சிங்களத்தில் சொன்னேன். சிரித்தார்கள். இரண்டாவது பந்தி 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லில் தொடங்கியது. அந்தச் சொல்லின் மேல் என் விரல் நின்றது. கடைசி ஆசனத்தைப் பார்த்தேன். வாசிக்க இயலவில்லை.

புத்தகத்தைத் திறந்து தீர்மானத்தை வாசித்தேன். முன்மொழிந்தவர் நான் என்றேன். நூல் கட்டியவரை நேற்று நீக்கினோம். கட்டச் சொன்னவன் இதோ பிரசங்க மேடையில் நிற்கிறேன் என்றேன். இனி அதைச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். எழுதி வைக்காத வாக்கியங்கள். அட்சரம் பிசகாத என் சிங்களம் அன்று இருமுறை இடறியது. 'இல்லை என்று நேற்று நான் சொன்னது பொய்' என்ற வாக்கியத்தைச் சிங்களத்தில் மட்டுமே சொன்னேன். அது ஒருவருக்கு மட்டும் உரியது. நண்பர் தம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போதகர் எழுந்தார். "அம்மா, முன்னால வாங்க," என்று கூப்பிட்டார். "தட்ட நீங்களே எடுத்துக் குடுங்க."

அந்த அம்மா எழுந்து நின்றார். "இன்னைக்கு நான் வாங்கிக்க வந்தேங்கய்யா," என்றார். "குடுக்க வரல." உட்கார்ந்துவிட்டார்.

திருவிருந்து அழைப்பு வந்தது. முன் ஆசனங்கள் முதலில் எழுவது எங்கள் வழக்கம். ஒருவரும் எழவில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், அவர்களுடைய மனைவிமார், எல்லாரும் தரையில் எதையோ தொலைத்தவர்கள் போல் குனிந்திருந்தார்கள். எவ்வளவு நேரமென்று தெரியாது. பின்னாலிருந்த ஒரு கொழுந்துக்காரப் பெண், இடுப்புக் குழந்தை சிணுங்கியதால், பொறுக்காமல் எழுந்து நடந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள். தமிழரும் சிங்களவரும் கலந்தே போனார்கள். யார் யாருக்கு முன் என்பதைக் கவனிக்கும் நிலையில் எவரும் இல்லை. நான் கடைசியாகப் போனேன். போதகர் நூலை வெட்டியிருந்தார். ஆனால் அது இருந்த இடத்தில் கைப்பிடி மட்டும் கறுக்காமல் பளிச்சென்று ஒரு வளையமாகத் தெரிந்தது. கிண்ணத்தை எடுக்கும்போது என் விரல் அதில் பட்டது.

வாசற்படியில் நண்பர் எனக்காக நின்றார்.

"மாஸ்டர், நேத்து ரெண்டு தடவ கேட்டேன்."

"ஆம்."

"எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதுன்னுதானே மூடினீங்க?"

மறுக்கவில்லை. பொருளறைக் கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு அமர்ந்த மனிதர் என்னை அப்படிப் பார்த்ததை நான் அதற்குமுன் கண்டதில்லை. குடையை விரித்துக்கொண்டு படியிறங்கினார். இன்றும் பேசுகிறோம். கூட்டு ஆராதனை மூன்று மாதத்துக்கொரு முறை தவறாமல் நடக்கிறது. அவரே முன்னின்று நடத்துகிறார். என் வீட்டுக்கு மட்டும் அவர் அதன்பின் வந்ததில்லை.

அந்த அம்மாவிடம் சாவியைத் திரும்பக் கொடுக்க நானே கீழ்ப் பிரிவு லயத்துக்குப் போனேன். வாசலில் கொழுந்துக் கூடை ஒன்று கவிழ்ந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் நின்றே பேசினார்.

"சாவிய இப்ப வாங்க மாட்டேங்கய்யா. மொதல்ல அந்தச் சட்டத்த அழிச்சு எழுதுங்க. அதே புத்தகத்துல. நான் பாக்கணும்."

"கட்டாயம் எழுதுகிறேன்."

"தற்காலிகமான்னு போட்டுறாதீங்க."

நான் அலுமாரிக்கு முன்னால் நின்று தேடிய அதே சொல்.

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து, போதகர் முன்னிலையில் அந்தச் சிறிய அறையிலேயே எழுதினேன். முன்மொழிந்தவர் பெயரையும், இப்போது நீக்குபவர் பெயரையும் எழுதினேன். இரண்டும் ஒரே பெயர். அவர் புத்தகத்தை வாங்கி, உதடசைத்து, ஒரு சொல்லும் விடாமல் வாசித்தார். பிறகு சாவியை வாங்கி இடுப்பில் முடிந்துகொண்டார். போதகர் வெளியே போனதும், தட்டுகளை எடுத்து அடுக்கியவாறே, சாதாரணமாகச் சொன்னார்:

"மஞ்சக்காமாலை எங்க லயத்துல வந்ததுன்னு எழுதியிருந்தீங்க. ஒங்க வூட்டு அம்மாவுக்குத்தானேங்கய்யா மொதல்ல வந்துச்சு."

கையிலிருந்த பேனாவை மூடினேன்.

"கீழாநெல்லி அரைச்சு, மோர்ல கலந்து, குசினிக் கதவு வழியா நாந்தானே கொண்டாந்து குடுத்தேன். மூணு வாரம். வெளிய சொல்லாதேன்னு அம்மா கேட்டுக்கிட்டாங்க. சொல்லல."

என் மனைவி காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அந்த மூன்று வாரமும் யாரோ மருந்து கொண்டுவந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். யாரென்று நான் கேட்டதில்லை. மருந்தரைத்த கையை, மனைவி குணமான அதே மாதத்தில், வேறு தட்டுக்கு அனுப்பினேன்.

"அதையும் இதில் எழுத வேண்டுமா?" என்று கேட்டேன். நான் அவரை அதுவரை 'நீ' என்றே அழைத்துவந்தவன். "நீங்கள் சொன்னால் எழுதுகிறேன்."

"அது கோயில் புத்தகம்ங்கய்யா," என்றார் அவர். "அம்மாகிட்ட வாக்குக் குடுத்தேன். ஒங்க வூட்டுச் சமாச்சாரத்த நீங்க எங்க எழுதணுமோ அங்க எழுதிக்கங்க."

அதனால் இங்கே எழுதுகிறேன்.